நடுவில் போட்ட முற்றும்

இங்கே, இங்கே. ஜன்னல் பக்கம் பாருங்க. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டீங்களே. நல்லவேளை, பாப்பா டம்ளரைத் தட்டிய சத்தம் கேட்டு நின்றீங்க. ஆமாம், சங்கரபாண்டி வீடுதான். நான் அவர் சம்சாரம், வடிவு. அவர் மில்லுக்குப் போயிருக்கிறார். அங்கே ஸ்டோர் கீப்பர். ஆறரைக்குத்தான் வருவார்.

நீங்க?

கோவில்பட்டி தமயந்தியா? காமிக்ஸ் குரூப்பில் எழுதுகிற தமயந்தியா?

ஐயோ. நான் உங்களை ஆறடி உயரமாக நினைத்திருந்தேன் அக்கா. குரூப்பில் உங்க எழுத்து அப்படி இருக்கும். செந்நரி ஷெரீப் காமிக்ஸ்தான் உசத்தி என்கிற ஆட்களை ஒற்றை ஆளாக நின்று அடிப்பீங்களே. நேரில் பார்த்தால் என் சித்தி மாதிரி, தோளில் சாப்பாட்டுக் கூடையோடு நிற்கிறீங்க. கோபித்துக்கொள்ளாதீங்க, உள்ளே வாங்க என்று சொல்லமுடியாது. சாவி அவரிடம் இருக்கிறது. அந்தப் படியில் நிழல் இருக்கும், உட்காருங்க. நான் இப்படி ஜன்னல் கட்டையில் உட்கார்ந்துகொள்கிறேன். பாப்பா, அத்தைக்கு வணக்கம் சொல்லு. சொல்லமாட்டாள், என்னை மாதிரி.

பூட்டைப் பார்த்து முகம் மாறுகிறீங்க. அது எனக்குப் போட்டது இல்லை அக்கா, புத்தகத்துக்குப் போட்டது.

போன ஆடி மாசம் ஒரு ஆள் வந்தார். நல்ல சட்டை, நெற்றியில் விபூதி. "பாண்டி சார் சொன்னாரு தங்கச்சி. செந்நரி ஷெரீப் மொதப் புத்தகம் ஸ்கேன் பண்ணிட்டுச் சாயங்காலம் தந்துருதேன்" என்றார். எனக்கு என்ன தெரியும்? எடுத்துக் கொடுத்தேன். டீயும் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றார், போட்டேன். அதோடு சரி. முப்பது வருஷத்துப் புத்தகமாம். ஊரில் மொத்தம் நாலு பேரிடம்தான் இருக்கிறதாம்.

எங்க வீட்டுக்காரர் அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அதை நீங்க தெரிந்துகொள்ளணும். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத்தான் சொன்னார். "உம்மேல தப்பில்ல வடிவு. ஒனக்கு ஒருத்தர்ட்ட இல்லன்னு சொல்ல வராது. வராத வாய வச்சிக்கிட்டு நீ என்ன செய்வ? நான் பாத்துக்கிடுதேன்." மறுநாள் காலையில் வெளியே பூட்டிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து பூட்டுதான்.

சொன்னால் நம்பமாட்டீங்க, எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கிறது. நான் ஏழாம் வகுப்பு வரைக்கும் போனேன். வாத்தியார் பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்று சொல்லச் சத்தம் வராது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட். அப்படிப்பட்டவள். இப்போது சோப்பு விற்கிறவன் வந்தாலும், கேஸ்காரன் வந்தாலும், "சாவி இல்லீங்க" என்று ஒரு வார்த்தை. போய்விடுகிறார்கள். பூட்டே எனக்காகப் பேசிவிடுகிறது.

ஒரே ஒரு தடவைதான் கஷ்டம். பாப்பாவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. எதிர்வீட்டு பாக்கியத்தக்கா மருந்து வாங்கிவந்து, இதோ இந்தக் கம்பி வழியாகத்தான் மூடியில் ஊற்றிப் புகட்டினாள். பாப்பா வாயை ஜன்னலில் வைத்துக்கொண்டு குடித்தாள், கிளிக்குஞ்சு மாதிரி. பாக்கியத்தக்கா சத்தம் போட்டாள். "ஏட்டி, உள்ள தீப்பிடிச்சா என்னட்டி செய்வ?" என்றாள். "அடுப்பப் பாத்துத்தாங்க்கா பத்தவைக்கேன்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சத்தம்தான்.

நீங்க சிரிக்கவில்லையே. நான் சிரிக்கத்தான் சொன்னேன்.

புத்தகமா? அந்த ரூம் முழுக்க. அவர் எதையும் இரண்டாகத்தான் வாங்குவார், உங்களுக்குத் தெரியுமே. ஒன்று வந்த கவரோடு பெட்டிக்குள் போகும். அதைப் பிரிக்கக்கூடாது, மூச்சுக்காற்றுகூடப் படக்கூடாது. இன்னொன்று படிக்க. ஆனால் பாவம், படிக்க அவருக்கு எங்கே நேரம்? ஆறரைக்கு வந்து, குளித்து, குரூப்பைத் திறந்தால் அதில் பேசவே சரியாக இருக்கும். எந்த வரிசையில் ஆரம்பிக்கலாம், எது மறுபதிப்பு வரணும், எந்த அட்டை மட்டம் என்று அவரிடம்தானே எல்லாரும் கேட்கிறார்கள். பாண்டி அண்ணன் என்ன சொல்றாருன்னு பாப்போம் என்று காத்திருக்கிறார்களே. அதனால் அந்த இரண்டாவது புத்தகத்தை நான் படிப்பேன். சோறு போடும்போது கதையைச் சொல்லுவேன்.

முதலில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. எழுத்து தெரியும், ஆனால் பேச்சு போட்டிருக்கிற பலூனில் எதை முதலில் படிப்பது என்று தெரியாது. பதிலைப் படித்துவிட்டுக் கேள்வியைப் படிப்பேன். "நேற்றே செத்துப் போனான்" என்று ஒருத்தன் சொல்லுவான், அதற்குப் பிறகு இன்னொருத்தன் "டேவிட் எங்கே" என்று கேட்பான். என்ன ஊர் இது, சொன்னதையே திருப்பிக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பத்துப் புத்தகம் போனபிறகுதான் பிடிபட்டது. படம் இருப்பதால் பயம் இல்லை அக்கா. வெறும் எழுத்துப் புத்தகம் என்றால் பாதியில் யாரோ அதட்டுகிற மாதிரி இருக்கும். இதில் புரியாவிட்டால் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

செந்நரி ஷெரீப் பற்றி நாங்க எழுதியது ஞாபகம் இருக்கிறதா? இல்லை, அவர் எழுதியது. நாற்பது புத்தகத்தில் அந்த ஆள் ஒரு தடவைகூடத் தன் தட்டைக் கழுவியதில்லை, அந்தக் குதிரைக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள் என்றும் போடவில்லை என்று. அதற்கு நீங்கதானே முதலில் கைதட்டல் போட்டீங்க. அது நான் மீன்குழம்பு ஊற்றும்போது சொன்னது. கலர் போட்டால் எல்லா முகமும் மஞ்சள் தேய்த்தமாதிரி இருக்கிறது, கறுப்பு வெள்ளையில்தான் அழுகை தெரிகிறது என்றதும்... சொல்வதில் என்ன இருக்கிறது அக்கா, யாரும் சொல்லலாம். எழுதுவதுதானே பெரிசு. அவர் டக்டக்கென்று எழுதுவார்.

அப்படிப் பார்க்காதீங்க. எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குரூப்பில் இதைச் சொல்லிவிடாதீங்க. என் பேர் அங்கே வரவே வேண்டாம்.

நீங்க ஏழாம் துறைமுகம் படிக்கச் சொன்னீங்க பாருங்க, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குரூப்பில் எல்லாரும் அதை அழுகாச்சி காமிக்ஸ் என்றார்கள். துப்பாக்கி இல்லாத காமிக்ஸ் உப்பில்லாத கருவாடு என்று ஒருத்தர் எழுதினார். நீங்க உடனே, "அட்டையப் பாத்துப் பொண்ணு வேண்டாம்னு சொல்ற மாப்பிள்ளைங்களா, உள்ள பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுங்கப்பா" என்றீங்க. அவர் எனக்கு அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார். நான் அன்றைக்கே முதல் பாகத்தை எடுத்தேன்.

அதில் வருகிற ரோசெல் என்ற பெண்ணைத் தூங்கும்போதும் விடமுடியவில்லை. துறைமுகத்து விளக்குக்கூண்டில் இருக்கிறாள். விளக்கை அவள்தான் ஏற்றணும். அவள் விளக்கைவிட்டு இறங்கிவிடக்கூடாது என்று, சாப்பாட்டை வைத்துவிட்டு அந்தத் துறைமுக அதிகாரி ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பாவி. எப்படித்தான் மனசு வந்ததோ அவனுக்கு! ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நடக்கிற படத்தைப் பார்த்து நான் வாய்விட்டுத் திட்டினேன். பாப்பா பயந்துவிட்டாள்.

இரண்டாம் பாகம் வந்தது. படித்தேன். நான் படித்தபடி கதை இதுதான். ஒருநாள் அவள் படகில் போகிறாள். பதினாறு பக்கம், ஒரு பலூன்கூட இல்லை, ஒரு பேச்சு இல்லை. கடல், படகு, அவள். ரொட்டி தின்கிறாள். தூங்குகிறாள், அதற்கு மட்டும் மூன்று கட்டம். நான் அந்தத் தூங்குகிற கட்டத்தில் ரொம்ப நேரம் இருந்தேன். பிறகு "முற்றும்" என்று போட்டிருந்தது. பக்கத்தைத் திருப்பினால் கதை இருக்கிறது! புயல் அடிக்கிறது, இவள் கூண்டில் நிற்கிறாள். கை வெந்துபோகிறது, விளக்கை விடவில்லை. கப்பல் எல்லாம் கரை சேர்கிறது. விடிகிறபோது மேலேயே நின்று கடலைப் பார்க்கிறாள். அதோடு புத்தகம் முடிந்தது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. சோறு போடும்போது அவரிடம் சொன்னேன். "இங்க பாருங்க, நடுவுல முற்றும்னு போட்டுட்டு அதுக்குமேல கதை சொல்லியிருக்கான். அவளோட ஆசை அங்கன முடிஞ்சிருது. வேலை முடியலல்லா? போனா, ஒலகத்தப் பாத்தா, வெளக்கு இல்லாம கப்பல் முழுகுமேன்னு தானாத் திரும்பி வந்துட்டா. யாரும் கூப்பிடல. அதான் அவ பெருமை." அவர் கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையாலேயே எழுதினார். முற்றும் என்று போட்ட பிறகும் ஒரு பெண்ணுக்கு வேலை இருக்கிறது என்ற தலைப்பு அவர் வைத்ததுதான். அது மட்டும் அவர்.

எத்தனை பேர் பாராட்டினார்கள்! உத்தி என்றார்கள். உலகத்தரம் என்றார்கள். கருவாடு என்று எழுதினவரே, "பாண்டி அண்ணே, கண்ணத் தொறந்துட்டீங்க" என்றார். நான் அன்றைக்கு அவருக்கு இன்னொரு முட்டை பொரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் விருதுநகர்க்காரர் ஒருத்தர் கேட்டார்: "எம் புத்தகத்துல முற்றும் கடைசிப் பக்கத்துலதான இருக்கு?" பிறகு இன்னொருத்தர். பிறகு படம் எடுத்துப் போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த புத்தகத்தில் பைண்டிங் தப்பாம். கடைசியில் வரவேண்டிய பதினாறு பக்கத்தை முன்னால் தூக்கித் தைத்துவிட்டார்களாம், அதற்கு முந்தின பதினாறு பக்கம் கடைசிக்குப் போய்விட்டதாம். பெட்டிக்குள் இருக்கிற இன்னொரு புத்தகத்தில் சரியாக இருந்ததோ என்னவோ. அதைப் பிரிக்கக்கூடாதே.

பிறகு மதுரையில் குரூப் ஆட்கள் கூடினபோது நடந்தது உங்களுக்கே தெரியும். முற்றும் பாண்டி என்று கூப்பிட்டார்களாமே. மேடையில் ஏற்றி, கதையை நீங்களே சொல்லுங்க என்றார்களாம். அவருக்கு அந்தப் பெண் பேர்கூட வரவில்லையாம். நீங்களும் சிரித்தீங்களா அக்கா?

பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. அதற்காகவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க, மன்னிப்புக் கேட்க? அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இல்லை, பட்டிருக்கமாட்டார். குரூப்பைவிட்டே போய்விட்டார் இப்போது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நின்றார். "என்னட்டி படிச்ச நீ? பக்க நம்பர் பாக்க மாட்டியா? எண்பதுக்கு அப்புறம் தொண்ணூத்தேழு வருமா?" என்றார். எனக்குப் பக்க எண் பார்க்கிற பழக்கமே இல்லை அக்கா. படம் எங்கே கூட்டிப்போகிறதோ அங்கே போவேன். படிக்க வைத்திருந்த இரண்டாவது புத்தகங்களையும் அள்ளி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "இனிமே நீ ஒண்ணும் படிக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்" என்றார். அந்தச் சாவியும் அதே வளையத்தில் போய்விட்டது. நியாயம்தானே, அவர் மானம் போனது என்னால்தானே.

இன்றைக்குப் பத்தொன்பது நாள். பாப்பாவின் தடுப்பூசி அட்டையைப் படிக்கிறேன். இருமல் மருந்துச் சீட்டைப் படித்தேன், அதில் ஒரு படம் இல்லை. பிஸ்கட் கவரில் ஒரு பசுமாடு இருக்கிறது, அது ஒரே கட்டம். மதியம்தான் நீளமாக இருக்கிறது. பாப்பா தூங்கினபிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பழைய கதைகளை நினைத்து நினைத்துப் பார்ப்பேன். அதுவும் தேய்ந்துபோய்விட்டது. ஷெரீப்பின் குதிரை என்ன நிறம் என்று நேற்று மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று தெரிந்ததும் அழுகை வந்தது. ஒரு குதிரைக்கு யாராவது அழுவார்களா?

என்ன அது, கூடையில்?

ஏழாம் துறைமுகம். இரண்டாம் பாகம். சரியான புத்தகமா?

வேண்டாம் வேண்டாம், உள்ளே தராதீங்க. கம்பிக்குள் நுழையும், அது பிரச்சினை இல்லை. இன்னொன்று வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்டோர் கீப்பர் கண், ஒரு நட்டு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒன்று செய்யுங்க அக்கா. நீங்களே வெளியே பிடியுங்க. நான் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன். முதலிலிருந்து வேண்டாம், எண்பதிலிருந்து. கொஞ்சம் மேலே தூக்கி. கண்ணை வெயில் கூசுகிறது. ம்.

ம். இது புயல். இது முன்னாலேயே வருகிறதா? சரி. திருப்புங்க.

கை வேகிறது. ம். இந்தக் கட்டத்தில் அவள் பல்லைக் கடித்திருப்பதை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. திருப்புங்க.

கப்பல். ம்.

பாப்பா, சும்மா இரு. அம்மா பார்க்கிறேன்ல?

விடிகிறது. மேலே நிற்கிறாள். திருப்பாதீங்க... சரி, திருப்புங்க. படகு. ம். ரொட்டி. தூங்குகிறாள். ஒரு நிமிஷம் வைத்திருங்க. ம், போங்க. முற்றும்.

அப்புறம்?

அட்டையா? அவ்வளவுதானா? திரும்பி வரவில்லையா அவள்?

அக்கா, தப்பாக நினைக்காதீங்க. உங்க புத்தகத்தில்தான் பைண்டிங் தப்பு.

நிஜமாகத்தான் சொல்கிறேன். யோசித்துப் பாருங்க. இவள் போய்விட்டால் அன்றைக்குச் சாயங்காலம் விளக்கை யார் ஏற்றுவது? அந்த அதிகாரியா? அவனுக்குத் திரி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, முதல் பாகத்தில் வருகிறது. வருகிற கப்பல் எல்லாம் பாறையில் மோதட்டும் என்றா விட்டுவிட்டுப் போவாள்? அப்படிப்பட்டவள் இல்லை அவள். எனக்கு அவளைத் தெரியும். ஆயிரம் பேர் புத்தகத்திலும் இப்படித்தான் இருக்கிறது என்றால், ஆயிரம் புத்தகத்தையும் தப்பாகத் தைத்திருக்கலாம். என்னுடையது ஒன்று சரியாக வந்திருக்கலாம். நடக்காதா?

பக்க எண்ணா? எண் போட்டவனும் மனுஷன்தானே.

என்ன? பூட்டுக்கடை ஆளைக் கூட்டிவரவா? ஐயையோ, வேண்டவே வேண்டாம். பேச்சைப் பாருங்க. நான் எங்கே போகப் போகிறேன்? பாக்கியத்தக்காவும் இப்படித்தான். உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியாது. கோபம் ஆறினால் பீரோவைத் திறந்துவிடுவார். நான் நல்லபடியாகக் கேட்கணும், அவ்வளவுதான். கேட்க வரவில்லை, அது என் குற்றம்.

நாலு மணி பஸ்ஸா? சரி, போய்வாங்க. இவ்வளவு தூரம் வந்து ஒரு வாய் தண்ணீர்கூட நான் தரவில்லை. இருங்க, டம்ளர் கம்பிக்குள் வராது. கையைக் குவியுங்க, ஊற்றுகிறேன். குடியுங்க.

அக்கா.

போகுமுன் ஒரு தடவை அந்தத் தொண்ணூற்றாறாம் பக்கத்தைக் காட்டுங்க. இல்லை, தனியாக இல்லை, அதையும் அடுத்ததையும் சேர்த்து. என் புத்தகத்தில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. தைத்தவன் பிரித்துவிட்டான்.

இடது பக்கம், மேலே நிற்கிறாள். கீழே ஏணி இல்லை, நன்றாகப் பாருங்க, அவன் கொண்டுபோய்விட்டான். வலது பக்கம், படகில் இருக்கிறாள். பாவாடை நனைந்திருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு கட்டம் இல்லை, ஒரு பலூன் இல்லை. இந்த மடிப்பு மட்டும்தான்.

எப்படி இறங்கினாள்?

குதித்தாளா? கயிறு கட்டினாளா? சேலை மாதிரி ஏதாவது கிழித்துக் கட்டினாளா? முழங்கையில் ஒரு கோடு தெரிகிறதே, அது காயமா, மை இழுத்ததா? அந்த மடிப்புக்குள் ஏதோ இருக்கிறது அக்கா, ஓரத்தில், கறுப்பாக. பாதிதான் தெரிகிறது. இன்னும் கிட்டே கொண்டுவாங்க. இன்னும் அகலமாகப் பிரியுங்க.

பிரியுங்க அக்கா. தையல் விட்டுப்போனால் போகட்டும்.